கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்க்கணுமாம், செய்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்

அண்டியாபீஸ்காரி (தக்கலை பக்கம்):

எல்லாருக்கும் வணக்கம். வாசித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது இப்போதுதான். வயது 44. முந்திரி ஆலையில் பீலிங் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டும் சுகப் பிரசவம்.

கொஞ்ச காலமாகவே பீரியட்ஸ் ஒழுங்கில்லை. வந்தால் நிற்பதில்லை, கட்டி கட்டியாகப் போகிறது. வேலையில் உட்கார்ந்த இடத்தை விட்டு எழும்ப வேண்டுமென்றால், பக்கத்தில் இருக்கிற அக்காவிடம் "பின்னால பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுத்தான் எழும்புகிறேன். வெளிர் நிறத்தில் ஒரு சுடிதார் கூட இப்போது எடுப்பதில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2 என்று வந்தது.

நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்தோல் 14 மில்லிமீட்டர், உள்ளே பாலிப் (சின்னச் சதை வளர்ச்சி) மாதிரி தெரிகிறது என்று எழுதியிருக்கிறார்கள். இரும்பு மாத்திரை தந்துவிட்டு, அடுத்த பீரியட்ஸ் நின்றதும் வா, ஹிஸ்டரோஸ்கோப்பி செய்து பார்த்துவிடலாம் என்றார். சின்ன விஷயம்தான், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். வெளியே கூட்டம். எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

வீட்டுக்காரர் மஸ்கட்டில். மாமியாரோ, "இதுல என்ன பாக்கதுக்கு இருக்கு, பிள்ளை பெத்தாச்சுல்லா, எடுத்துப் போட்டிட்டு வா" என்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள்தான், அவரும் எடுத்தவர்தான்.

எனக்குத் தெரிய வேண்டியது: மயக்கம் தருவார்களா, வலிக்குமா? பஸ்ஸில் திரும்பி வரலாமா? எத்தனை நாள் லீவு போட வேண்டும்? ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அப்புறம், வெளியே சொல்லத் தயக்கம்தான், அந்த 14 என்றால் கேன்சரா?

---

தேரூர் தையல்காரி:

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். இந்த மில்லிமீட்டர் கணக்கில் என் தூக்கமும் கொஞ்சம் போயிருக்கிறது. எனக்குப் பீரியட்ஸ் நின்று ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு நாள் திடீரென்று பாவாடையில் கறை பட்டது. ஸ்கேன் எடுத்தார்கள், 9 என்று வந்தது. நின்றுபோனவர்களுக்கு ரத்தம் பட்டு, உள்தோல் 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சதை எடுத்துப் பரிசோதித்தே ஆக வேண்டும் என்று சொல்லித்தான் எனக்குச் செய்தார்கள். உனக்கு இன்னும் பீரியட்ஸ் வருகிறது. அந்தத் தோல் மாதாமாதம் வளர்ந்து உரிவது. எந்த நாளில் ஸ்கேன் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து அந்த நம்பர் மாறும். என் 9-ஐயும் உன் 14-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே கூடாது என்று என் டாக்டரே சொன்னார். அதற்காகப் போகாமல் இருந்துவிடாதே. பாலிப் இருக்கிறதா, என்ன மாதிரி என்பதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இனி அன்றைக்கு நடந்தது. எனக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. ஒரு மணி நேரம் முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள். போனதும் மூத்திரம் போய்விட்டு வா என்றார்கள். நான் ஸ்கேனுக்குப் போகிற நினைப்பில் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து அடக்கி வைத்திருந்தேன்! அப்புறம் பச்சை கவுன். முதுகுப் பக்கம் கட்டுகிற நாடா மூன்றில் இரண்டைக் காணோம். தைக்கிறவள் கண்ணுக்கு அதுதான் முதலில் படும். ஒரு சேஃப்டி பின் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டேன்.

படுக்க வைத்து இரண்டு காலையும் தூக்கி வைக்கிறார்கள், பிரசவத்துக்கு வைப்பதுபோலத்தான். உள்ளே விடுகிற குழாய் பேனா ரீஃபிளை விடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். நுனியில் கேமராவும் லைட்டும். கர்ப்பப்பை சாதாரணமாக உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருக்குமாம். அதனால் குழாய் வழியாக உப்புத் தண்ணீர் விட்டு விரித்துப் பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் தொடை வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். நான் மூத்திரம் போய்விட்டதோ என்று கூசிப்போனேன். சிஸ்டர்தான் "அது டிரிப்ஸ் தண்ணிதான் அக்கா" என்றாள்.

வலி எங்கே என்றால், கர்ப்பப்பை வாயைக் குழாய் தாண்டுகிற அந்த இடத்தில்தான். பீரியட்ஸ் முதல் நாள் இழுத்துப் பிடிக்குமே, அது மெல்ல வராமல் ஒரே பிடியாக வந்து பிடிக்கும். அப்புறம் குறைந்தது. பக்கத்தில் டி.வி. மாதிரி ஒரு ஸ்கிரீன். பார்க்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார். பார்க்காமல் என்ன? இளஞ்சிவப்பாக ஒரு சின்ன அறை. இரண்டு ஓரத்திலும் கருப்பாக ஒவ்வொரு புள்ளி, அதுதான் கருக்குழாய்கள் திறக்கிற இடமாம். மேலே ஒரு சதை தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஓட ஓட அதுவும் ஆடியது. "இவன்தான் ஆளு" என்றார் டாக்டர். "இப்ப ஒரு கிள்ளு இருக்கும், இருமுங்க" என்று சொல்லிச் சதையை எடுத்தார். இருமினேன். கிள்ளுதான், ஆனால் நல்ல கிள்ளு. எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

எழும்பியதும் கண் இருட்டி வியர்த்துவிட்டது. காலைத் தூக்கி வைத்துப் படுக்கவைத்தார்கள், சரியாகிவிட்டது. இது சிலருக்கு வரும், அதனால் முடிந்ததும் சாடி எழும்பாதே. ஒரு சாயாவும் ரஸ்க்கும் தந்தார்கள். அதுபோல ருசியான சாயா அதுக்குப் பிறகு குடிக்கவில்லை.

உனக்கு மயக்கத்தில் செய்வார்களா, முழித்திருக்கும்போதா என்பதைப் போன் போட்டாவது முதலில் கேள். மற்ற எல்லாம் அதைப் பொறுத்துத்தான். சாப்பிடலாமா, கூட ஆள் வேண்டுமா, பஸ்ஸா ஆட்டோவா, எல்லாமே.

---

குமரிக் காற்று:

என் கருத்து: இப்போது எல்லாம் பணம் பிடுங்கத்தான் புதுசு புதுசாக மெஷின் கொண்டுவருகிறார்கள். அந்தக் காலத்தில் டி அண்ட் சி செய்து அனுப்பிவிடுவார்கள். எங்கள் அம்மைக்கு அப்படித்தான் செய்தார்கள், அவர்கள் எண்பது வயது வரை இருந்தார்கள்.

---

வெள்ளை மாலை (ஓய்வு பெற்ற தியேட்டர் சிஸ்டர், மார்த்தாண்டம்):

தம்பி, இது புதுசு இல்லை. 1869-லேயே பாந்தலியோனி என்கிற டாக்டர், பீரியட்ஸ் நின்ற பிறகு ரத்தம் போன 60 வயது அம்மா ஒருத்திக்குக் குழாய் விட்டுப் பார்த்து, உள்ளே இருந்த பாலிப்பைக் கண்டுபிடித்திருக்கிறார். புதுசாக வந்தது கேமராவும் சின்னக் குழாயும்தான். டி அண்ட் சி என்பது கண்ணால் பார்க்காமல் கை அனுமானத்தில் சுரண்டுவது. ஓரத்தில் தொங்குகிற பாலிப் அதில் அப்படியே தப்பிவிடும். சுரண்டியும் ரத்தம் நிற்காமல் திரும்பி வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பார்த்து எடுப்பது நல்லதா, பார்க்காமல் எடுப்பது நல்லதா? நீயே சொல்லு.

மக்ளே தக்கலை, இனி உனக்கு. பீரியட்ஸ் நின்றதும் வா என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தம் நின்ற அடுத்த சில நாட்களில் உள்தோல் மெலிதாக இருக்கும், எல்லாம் தெளிவாகத் தெரியும். கர்ப்பம் இல்லை என்பதும் உறுதி. ஆனாலும் அன்று காலை மூத்திரம் எடுத்து ஒரு டெஸ்ட் பார்ப்பார்கள். வீட்டுக்காரர் மஸ்கட்டில் என்று சொன்னாலும் பார்ப்பார்கள், அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னைப்போல நிற்காமலே போகிறவர்களுக்கு நிறுத்த மாத்திரை தந்து தேதி வைப்பதும் உண்டு. தேதி வந்தும் ரத்தம் நிற்கவில்லை என்றால் நீயாக முடிவு செய்து போகாமல் இருந்துவிடாதே, போன் செய்து கேள்.

மயக்கம் என்றால் சாப்பாடு முடித்து ஆறு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்வரை குடிக்கலாம் என்பதுதான் பொதுவான கணக்கு. உன் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி சொன்னால் அதைக் கேள். பால் சாயா தண்ணீர்க் கணக்கில் வராது, அது சாப்பாடுதான். நம் ஊரில் இதில்தான் எல்லாரும் மாட்டுவார்கள். "ஒண்ணும் சாப்பிடல்ல சிஸ்டர், ஒரு சாயா மட்டும்தான்" என்பார்கள், கேஸ் உச்சைக்குத் தள்ளிப்போகும்.

கர்ப்பப்பை வாய் இளகுவதற்கு முன்கூட்டி ஒரு மாத்திரை தரலாம், வாயிலோ கீழேயோ வைப்பது. அதற்குச் சிலருக்குக் குளிர் நடுக்கம், வயிற்றுப்போக்கு, அடிவயிற்று வலி, கொஞ்சம் ரத்தம் வரும். பயப்படாதே. சுகப் பிரசவம் ஆனவள் என்பதால் அந்த வாய் உனக்குக் கொஞ்சம் எளிதாகவே இடம் கொடுக்கும்.

சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, ஆஸ்பிரின், ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, ஆடுகிற பல், எது இருந்தாலும் முன்னாலேயே சொல்லிவிடு. நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. உள்ளே கரண்ட் வைத்துச் சதையை அறுக்க வேண்டிவந்தால் உடம்பில் உலோகம் கிடக்கக் கூடாது. மெட்டி கழற்ற மாட்டேன் என்று தியேட்டர் வாசலில் அழுகிறவர்கள் உண்டு. சோப்பு போட்டு முந்தின நாளே கழற்றி வை. நகத்தில் பாலிஷ் இருந்தால் அதையும் எடு, விரலில் மாட்டுகிற கிளிப் சரியாகக் காட்டாது.

எடுத்த சதையைப் பாட்டிலில் போட்டு லேபுக்கு அனுப்புவார்கள். டி.பி. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெறும் உப்புத் தண்ணீரில் தனியாக அனுப்பணும். ஃபார்மலினில் போட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. இது உன் வேலை இல்லை, அவர்கள் வேலை. ஆனால் லேபுக்குப் பாட்டிலைக் கூட வந்தவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிற இடங்களும் உண்டு. அப்படிக் கொடுத்தால் உன் பெயரும் ஐ.பி. நம்பரும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல். அதை மறக்காதே.

கர்ப்பப்பையில் ஓட்டை விழுவது, கிருமி பிடிப்பது என்று சம்மதப் பேப்பரில் எழுதியிருப்பதை வாசித்துப் பேயறைந்த மாதிரி நிற்காதே. பார்க்க மட்டும் செய்கிற கேஸில் ஓட்டை விழுவது அபூர்வம்.

---

ஒரு மழைநாள்:

எல்லாரும் கிள்ளு என்கிறீர்கள். எனக்குக் கிள்ளு இல்லை, உயிர் போய் வந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை. பிரசவம் ஆகாதவள் நான், கல்யாணம் ஆகி குழந்தை இல்லை என்றுதான் செய்தார்கள். "பத்து நிமிஷம்தானே, பல்லைக் கடிச்சுக்கோ" என்றார்கள். வலி மருந்து ஒன்றும் இல்லை. நான் கத்தினபோது "சத்தம் போடாதீங்க, வெளிய ஆள் இருக்கு" என்று ஒருத்தர் சொன்னார். இன்னும் அந்தக் குரல் காதில் இருக்கிறது. பயமுறுத்த எழுதவில்லை. எல்லாருக்கும் ஒன்றும் ஆகாது என்று நினைத்துப் போய்ப் படுத்தவள் நான். அதனால் எழுதுகிறேன்.

---

வெள்ளை மாலை:

மழைநாள், உனக்கு நடந்தது சரியில்லை. வலி ஆளுக்கு ஆள் மாறும். பேசிக்கொண்டே படுத்திருப்பவர்களும் உண்டு, தாங்கவே முடியாதவர்களும் உண்டு, இரண்டையும் ஒரே காலையில் ஒரே டேபிளில் பார்த்திருக்கிறேன். பிரசவம் ஆகாதவர்களுக்கும், பீரியட்ஸ் நின்றவர்களுக்கும், மாதாமாதம் வயிற்றுவலியில் சுருள்கிறவர்களுக்கும் கூடுதலாக வலிக்கலாம். கர்ப்பப்பை வாயில் போடுகிற மரத்துப்போகிற ஊசி இருக்கிறது, சின்ன மயக்கம் இருக்கிறது. முழித்திருக்கும்போது செய்தால், "நிறுத்துங்க" என்று சொன்ன உடனே நிறுத்தணும். பாதியில் நிறுத்தி, வேறொரு நாள் மயக்கத்தில் செய்யலாம். அதில் கௌரவக் குறைச்சல் யாருக்கும் இல்லை.

தக்கலை, உள்ளே போகும் முன்னே டாக்டரிடமே சொல்லிவை: "வலிச்சா சொல்லுவேன், நிறுத்தணும்." அவ்வளவுதான், அதற்குமேல் பேச வேண்டாம்.

---

அண்டியாபீஸ்காரி:

சிஸ்டர், அக்கா, எல்லாருக்கும் நன்றி. மழைநாள், உங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி.

போன் செய்து கேட்டேன். சின்ன மயக்கத்தில்தான் செய்வார்களாம், பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடுவார்களாம். காப்பீட்டு அட்டை செல்லுமா என்று கவுண்டரில் காட்டிக் கேட்கச் சொன்னார்கள். அப்படியென்றால் பஸ்ஸில் திரும்பி வரக் கூடாதா? மாமியாரை எப்படிச் சமாளிக்க?

---

தேரூர் தையல்காரி:

பஸ் வேண்டாம் தங்கச்சி. மயக்கம் தெளிந்துவிட்டது என்று உனக்குத் தோன்றும், ஆனால் முழுசாகத் தெளிந்திருக்காது. வடசேரி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தில் நின்று ஏற இதுவா நேரம்? ஆட்டோவுக்கு ஆகிற காசு ஆகட்டும். கூட ஒரு பெண் ஆள் வேண்டும், அன்று ராத்திரி உன்னோடு படுக்கவும் ஆள் வேண்டும். மறுநாள் வரை ஸ்கூட்டர் தொடாதே, எந்தப் பேப்பரிலும் கையெழுத்துப் போடாதே.

மாமியாரையே கூட்டிக்கொண்டு போ. நிஜமாகத்தான் சொல்கிறேன். வெளியே உட்காரவை. டாக்டர் வந்து "பாலிப்தான், எடுத்தாச்சு" என்று அவரிடம் நேரடியாகச் சொன்னால், நீ வீட்டில் நூறு தடவை சொல்வதை விடப் பலன் உண்டு. ஒரு சின்னச் சதைக்காகப் பையையே எடுக்க வேண்டியதில்லை. எடுக்கத்தான் வேண்டும் என்று ரிசல்ட் சொன்னால் அப்போது எடுக்கலாம், அது ஓடிப்போகாது.

---

வெள்ளை மாலை:

லீவு, மறுநாள் ஒரு நாள் கூடுதலாகப் போட்டால் நல்லது. அப்புறம் உடம்பு கேட்கிறபடி. உன் ரத்தம் 8.2, அதையும் பார். டாம்பன் மாதிரி உள்ளே வைக்கிறது எதுவும் வேண்டாம், நாப்கின் மட்டும். ரத்தக் கறை ஒரு வாரம் வரை இருக்கலாம், முதலில் தண்ணியாகப் போவது அந்த உப்புத் தண்ணீர். தோள்பட்டையில் வலி வந்தாலும் நெஞ்சுவலி என்று பதறாதே, உள்ளே போன தண்ணீரால் சிலருக்கு அப்படி வரும். ஆனால் மூச்சுத் திணறலோ நெஞ்சு அழுத்தமோ சேர்ந்து வந்தால் உடனே போகணும். ரத்தம் நிற்கிறவரை குளத்தில் முங்கிக் குளிப்பதும் திற்பரப்புக்குப் போவதும் வேண்டாம், வாளியில் கோரிக் குளி. வீட்டுக்காரர் லீவில் வந்தாலும் அதே விதிதான்.

காய்ச்சல், நாற்றமடிக்கிற வெள்ளைப்படுதல், மாத்திரைக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகிற வயிற்றுவலி, ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிற ரத்தம், இதில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காதே, கிளம்பிவிடு. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் இருக்கிறது, அவசரம் என்றால் 108 இருக்கிறது.

---

மஸ்கட் வாசி:

நான் இவங்க வீட்டுக்காரர் இல்லை, வேறொருத்தர். மனைவிக்கும் இதே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து நாங்கள் என்ன செய்யணும் என்று யாராவது ஒரு வரி சொன்னால் உதவும்.

---

தேரூர் தையல்காரி:

காசை முன்னாடியே அனுப்பிவிடுங்கள் தம்பி. அன்றைக்கு வீடியோ கால் போட்டு "இப்ப எப்படி இருக்கு" என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்காதீர்கள். அவள் தூங்கட்டும்.

---

அண்டியாபீஸ்காரி:

செய்தாச்சு. எழுதாமல் இருந்தால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேன்.

முந்தின நாள் ராத்திரி மாத்திரை வைத்ததும் சிஸ்டர் சொன்ன அந்த நடுக்கம் வந்தது. மாமி இரண்டு போர்வையைப் போட்டு மேலே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் சாயா குடிக்காமல் போனேன், பக்கத்துப் பெட்டில் இருந்தவர் குடித்துவிட்டு வந்து திட்டு வாங்கினார். கையில் ஊசி போட்டு, பேரைக் கேட்டார்கள், சொன்னேன், அப்புறம் விழிக்கும்போது வேறொரு அறை. வலி என்றால் பீரியட்ஸ் வலி அளவுதான், ஒரு மாத்திரையோடு சரி. தொண்டை மட்டும் வறண்டு கிடந்தது. கவுனில் நாடா எல்லாம் இருந்தது, தேரூர் அக்கா!

பாலிப் ஒன்றுதான். எடுத்துப் பாட்டிலில் போட்டு மாமியின் கையில் கொடுத்துவிட்டார்கள். அவர் கண்ணாடி போடாமல் பெயரை வாசிக்க முடியாது. வழியில் நின்ற ஒரு பையனைக் கூப்பிட்டு, "இதுல என் மருமகள் பேருதானா" என்று வாசிக்கச் சொல்லியிருக்கிறார்.

ரிசல்ட் வந்தது. சாதாரண பாலிப்தான், கேன்சர் இல்லை. அடுத்த பீரியட்ஸ் கொஞ்சம் குறைவாக வந்தது, ஆனாலும் போனதைப்போலக் கட்டி இருக்கிறது. திரும்ப அப்படியே இருந்தால் கர்ப்பப்பைக்குள் ஹார்மோன் உள்ள லூப் ஒன்று வைக்கலாம், ஐந்து வருஷம் வரை இருக்கும் என்றார் டாக்டரம்மா. மாமி அதற்கும் "அதெல்லாம் எதுக்கு" என்று தொடங்கிவிட்டார். லூப் வைத்தவர்கள் யாராவது இருந்தால் தனியாக ஒரு கேள்வி போடுகிறேன், அங்கே வாருங்கள்.